மூச்சை இழுத்து நிறுத்துங்கள்

14-6-1999, திங்கள்

காலைப் பொங்கலை இன்று இரண்டு முறை வைக்க வேண்டியதாயிற்று. முதல் பானை என்னால் கெட்டது. அடி பிடிக்கவில்லை, உப்பும் சரிதான். மூடியைத் திறக்கும்போது நான் இருமிவிட்டேன்.

மலைமேல் மடப்பள்ளியில் எனக்கு இது இருபத்தெட்டாவது வருஷம். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் போவோம். அது போதாதென்று எங்கள் குடும்பத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. மூடியில் கை வைக்கும் முன் முகத்தைத் திருப்பி, உள்ளே இருக்கிற மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு அப்படியே அடக்கிக்கொள்வோம். சுவாமிக்கு முன்னால் வாசனை நமக்கு வரக்கூடாது. இதை யோசித்துச் செய்வதில்லை. கை மூடிக்குப் போனால் மூச்சு வெளியே போய்விடும். இன்றும் போனது. திரும்பி வரும்போது இருமலாக வந்தது, துணியையும் மீறி.

நானே பானையை இறக்கி ஒதுக்கி வைத்தேன். விறகு கொண்டுவருகிற எல்லப்பன், "சாமி, மூணு மாசமா இருமிகினே கீறீங்க. ஒரு தபா டாக்டராண்ட போய் வாங்க" என்றான். உன் விறகு ஈரம், அதனால்தான் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். விறகு ஈரம்தான். ஆனால் வீட்டில் கேஸ் அடுப்பு. அங்கேயும்தானே இருமுகிறேன்?

16-6-1999

படியில் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மேலே போகிற பஸ்ஸில் ஏறக் கௌரவம் விடவில்லை.

19-6-1999, சனி

டாக்டர் சடகோபன் எழுதிக் கொடுத்தபடி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். சட்டையைக் கழற்றி, மார்பைப் பலகையில் ஒட்டி, தோளை முன்னால் தள்ளி நிற்கச் சொன்னார்கள். உள்ளறையிலிருந்து "மூச்சை இழுத்து அடக்குங்க" என்று ஒரு குரல். அடக்கினேன். மூச்சை அடக்குவதில் நமக்குத் தெரியாததா? ஒரு நொடியில் முடிந்துவிட்டது. இதற்கா மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

21-6-1999, திங்கள்

அதற்குத்தான் தள்ளிப்போட்டேன்.

டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டிவிட்டு, விலகி நின்று பார்த்து, மறுபடியும் கிட்டே போய்ப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். இன்று ஒவ்வொரு வார்த்தையாக எண்ணிப் பேசினார்.

"மாமா, ரெண்டு பக்கமும் நுரையீரல் அடியில வெள்ளையாத் தெரியறது. இருதயமும் கொஞ்சம் பெரிசா இருக்கிற மாதிரி இருக்கு. என்னன்னு இதை வெச்சு சொல்ல முடியாது. மெட்ராஸ்ல ஸ்கேன் எடுத்துண்டு வந்துடுங்கோ."

படுத்துத்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். மல்லாந்து படுக்க வேண்டுமாம், இருபது செகண்டு மூச்சை அடக்க வேண்டுமாம். நான் மல்லாந்து படுத்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணாவுக்கும் ஒரு ஸ்கேன்தான் எடுத்தார்கள். அதற்கு முதல் நாள்வரை வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். ரிப்போர்ட் பேப்பர் வந்த நாலாவது மாதம் காரியம் செய்தோம். ஸ்கேன் அண்ணாவைக் கொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. பேப்பர் வருகிறவரை மனிதர் நன்றாக இருந்தார், அதுவும் எனக்குத் தெரியும்.

22-6-1999

பத்மஜாவிடம் புகைதான் காரணம், மருந்து கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது, இன்னும் என் பொய்யை நம்பினாற்போல் நடிக்கத் தெரிகிறது அவளுக்கு.

25-6-1999, வெள்ளி

நடிப்பு இரண்டு நாள்தான். பஞ்சாங்கத்துக்கு அடியில் நான் சொருகி வைத்திருந்த டாக்டர் சீட்டை எடுத்துவிட்டாள். உடனே அரக்கோணத்துக்கு, தன் தம்பி பரத்வாஜுக்கு போன். அவன் ரயில்வேயில் இருப்பதால் ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் உண்டு.

"பயப்படாதீங்கோ பாவா. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு எடுத்தா. குகைக்குள்ள தள்ற மாதிரி உள்ள தள்ளிடுவா, அவ்வளவுதான்" என்றான்.

அவ்வளவுதானாம். தைரியம் சொல்கிறானாம்.

30-ஆம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டான். அன்று அவனுக்கு டியூட்டி, வர முடியாது. நானே போய்க்கொள்கிறேன் என்று சொன்னேன். பத்மஜா கூட வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றேன். குகையில் தள்ளும்போது நான் கத்தினால் அவள் வெளியில் உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

30-6-1999, புதன்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

காலை ரயிலில் கிளம்பினேன். அரக்கோணம்வரை நன்றாகத்தான் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூங்கி என் தோளில் சாய்ந்தார். அந்தக் கனம் மார்பில் இறங்கின மாதிரி இருந்தது. இப்படித்தானே இருக்கும், மல்லாந்து படுத்தால், மூச்சு முட்டினால், உள்ளேயிருந்து கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா, இருமினால் மெஷின் நிற்குமா, நிற்காதா? உள்ளங்கை வேர்த்தது. மணவூரில் வண்டி நின்றது. இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வண்டி போனபிறகு பார்த்தால் நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன்.

மூன்று மணி நேரம் அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வண்டி மெட்ராஸ் பக்கம் போனது. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றேன். பிறகு இந்தப் பக்கம் வந்த வண்டியில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

1-7-1999

ஐம்பத்தொரு வயது. வெட்கமா இல்லையாடா உனக்கு?

4-7-1999, ஞாயிறு

சாப்பாடு ஆனபிறகு பத்மஜா கேட்டாள். "மெஷின் ரிப்பேர்னா வேற தேதி போட்டுக் குடுத்திருப்பாளே. அந்தச் சீட்டு எங்கே?"

பதில் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணவூர், ஐந்து வண்டி, அண்ணா, குகை, எல்லாம். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீங்க வர வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படலை. பொய் சொன்னேளே, அதுக்கில்லை. யாரும் இல்லாத ஸ்டேஷன்ல தனியா பயந்துண்டு உக்காந்துண்டு இருந்தேளே, அதான் எனக்குத் தாங்கலை" என்றாள்.

உள்ளே போய் அழுதாள். நான் கூடத்தில் அழுதேன். பிறகு காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். சொல்லாமல் குடித்தேன்.

எனக்குப் பயமாயிருக்கு. சாகறதுக்குப் பயமா, படுக்கறதுக்குப் பயமான்னே தெரியலை. இதோ எழுதிட்டேன்.

5-7-1999, திங்கள்

பத்மஜா இன்று வக்கீல் மாதிரி ஆரம்பித்தாள். "மெஷினுக்குப் பயப்படறேளா, படுக்கறதுக்கா, பேப்பருக்கா? ஒண்ணொண்ணாச் சொல்லுங்கோ."

மூன்றுக்கும் என்றேன்.

"பேப்பர்ல இருக்கறதை நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது. அதை விடுங்கோ. மெஷின் எப்படி இருக்கும்னு பரத்வாஜுக்கே தெரியாது, அவன் பார்த்ததில்லை. அதையும் விடுங்கோ. படுக்கறதுக்கு ஏதாவது பண்ணலாம்."

மூன்று தலையணையில் ஒன்றை உருவிவிட்டாள். பிடுங்கினாள் என்றே சொல்ல வேண்டும். கோயிலிலிருந்து வந்து குளித்தபின் தினமும் அரை மணி படுக்க வேண்டும், கடைசியில் மூச்சை அடக்க வேண்டும், அவள் எண்ணுவாள். சமையலறை வாசலில் அரிவாள்மணையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே எண்ணினாள். எட்டு வரைக்கும்தான் தாங்கினேன்.

8-7-1999, வியாழன்

இரண்டு தலையணையில் அரை மணி. முதல் பத்து நிமிஷம்தான் கஷ்டம். நடுவில் இருமல் வந்தது. ஒருக்களித்து இருமிவிட்டு மறுபடியும் மல்லாந்தேன். இருமினால் உலகம் முடிந்துவிடாது என்று தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்பு.

மூச்சு மட்டும் எட்டைத் தாண்டவில்லை. மனசுக்குள் சரவணபவ என்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு தடவை முடிகிறது. இரண்டாவது தடவை ஆரம்பித்ததும் கண் இருட்டுகிறது. இருபது எப்படி வரும்? நுரையீரல் போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன பேப்பர் வேண்டும்?

இதை அவளிடம் சொல்லவில்லை. எண்ணுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

11-7-1999, ஞாயிறு

ஒரே தலையணை. படுத்தபடியே தூங்கிவிட்டேன். எழுப்பவே இல்லை அவள். "ஜெயிச்சுட்டேள்" என்றாள். மூச்சு எட்டு.

13-7-1999, செவ்வாய்

மடப்பள்ளியில் காய் நறுக்குகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானேதான் அடுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். இன்னொரு பானை என்னால் கெடக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் மூன்று வாரம்தான். காவடிக் கூட்டம் வருகிற சமயத்தில் நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பரத்வாஜ் ஸ்கேனுக்கு மறுபடியும் பதிவு செய்து, நாளன்றைக்கு லீவு போட்டிருக்கிறான். பத்மஜாவும் வருகிறாள். சரி என்றுவிட்டேன்.

15-7-1999, வியாழன்

முடிந்தது. விவரமாக எழுத வேண்டும்.

மணவூர் வந்ததும் பத்மஜா ஜன்னல் பக்கம் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் ரயிலில் அவள் என் கையைப் பிடித்ததில்லை. பரத்வாஜ் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

முதலில் மெஷின். குகை இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய வளையம், அவ்வளவுதான். மெதுவடையை நிமிர்த்தி வைத்த மாதிரி. அதன் ஓட்டை வழியாக ஒரு கட்டில் போய் வருகிறது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் சுவரும் காலண்டரும் தெரிகிறது. பரத்வாஜ் மட்டும் அப்போது உள்ளே இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

காஞ்சனா என்று ஒரு பெண்தான் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள். முப்பது வயது இருக்கும். "ஐயா, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன். உங்களை நல்லாத் தெரியும், நீங்க பேசினா கேக்கும். முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்றாள். இந்த மூன்று வாக்கியத்தை யாராவது ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் மணவூர் ஸ்டேஷனை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

படுத்தேன். ஒரு தலையணைகூட இல்லாமல். படுக்க முடிந்தது. மூச்சை இழுத்து நிறுத்துங்க என்றாள். நிறுத்தினேன். எட்டு எண்ணுவதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது. மறுபடியும். மறுபடியும் எட்டு. வேர்த்துக் கொட்டியது. தோற்றுவிட்டேன், அண்ணா மாதிரிதான் எனக்கும் என்று அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். "ஐயா, நான் இழுங்கன்றேன். நீங்க ஊதறீங்க."

"இழுத்துத்தானேம்மா நிறுத்தறேன்."

"இல்லீங்க. கொஞ்சமா இழுக்கறீங்க, மொகத்தை அப்டி திருப்பிகினு இருக்கறதையெல்லாம் வெளியே விட்டுட்டு, அப்பறம் அடக்கறீங்க. காலிப் பானையை மூடி வெச்சா மாதிரி. காத்தே இல்லாம எவ்ளோ நேரம் தாங்கும்? இன்னா வேலை பண்றீங்க நீங்க?"

மடப்பள்ளி என்றேன். மூடி, துணி, வாசனை எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அடக்கு என்றால் என் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை மூடி.

"மல்லிப்பூவை மோந்து பாக்கற மாதிரி இழுங்க" என்றாள்.

"மோந்து பாக்கறது எங்களுக்குத் தப்பும்மா."

"இங்க எந்தச் சாமியும் பசியோட காத்துகினு இல்ல ஐயா. நல்லா மோந்துக்கங்க."

சிரிப்பு வந்தது. சிரித்து, இருமி, அடங்கினபிறகு இழுத்தேன். முகத்தைத் திருப்பாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நிறுத்தினேன். சரவணபவ. சரவணபவ. சரவணபவ. நாலாவது தடவை நடுவில் விடுங்க என்றாள். இருபத்திரண்டு செகண்டாம்.

வெளியே வந்ததும் பத்மஜா கேட்டது, "எவ்வளவு?" நான் இருபத்திரண்டு என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

17-7-1999, சனி

கிளம்பும்போது அந்தப் பெண் என் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "டாக்டர் சொல்லுவார் ஐயா" என்றாள். ஏன் சிரித்தாள்? நல்ல சிரிப்பா, பாவம் என்கிற சிரிப்பா? இரண்டு நாளாக இதே வேலை எனக்கு. பத்மஜா சொல்கிறாள், பாவம் என்று சிரிக்கிறவர்கள் பல்லைக் காட்ட மாட்டார்களாம்.

19-7-1999, திங்கள்

கட்டி இல்லை. டிபி இல்லை. இருதயம் அதன் அளவில்தான் இருக்கிறது.

மூன்றையும் இன்னொரு தடவை எழுதலாம் போலிருக்கிறது.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "காத்து இல்லாத நுரையீரலைப் படம் பிடிச்சுக் குடுத்திருக்கேள் மாமா. மூச்சை விட்டுட்டா நுரையீரல் சுருங்கி மேலே ஏறிடும். அடியில வெள்ளையாத்தான் தெரியும், இருதயம் அகலமாத்தான் தெரியும். நான்தானே உங்களை மறுபடி நிக்க வெச்சு இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை ஏன் சொல்ல வேண்டும். இழுத்து அடக்குங்க என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள்.

வியாதியே இல்லை என்று இல்லை. இத்தனை வருஷப் புகையில் மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கிறது. உள்ளே உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருக்கிறார். விறகு அடுப்புப் பக்கம் இனிப் போகவே கூடாது என்றார். சரி என்றேன். அந்த நிமிஷத்தில் காசிக்கு நடந்து போ என்றிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

பஜார் தெருவில் வெற்றிலைக் கடை ஓரமாக நின்று அழுதேன். கடைக்காரர் ஸ்டூல் போட்டார், உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் சொன்னதும் பத்மஜா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அப்போ நான் தினமும் எண்ணினேனே, அதெல்லாம்?" என்றாள். காலிப் பானையைத்தான் எண்ணினாய் என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

21-7-1999

மருந்தை உறிஞ்சுவதற்கு முன்னால் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டுமாம். அப்பாடா, பாதி வேலை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

5-8-1999, வியாழன், ஆடிக் கிருத்திகை

உக்கிராணத்தில் போட்டிருக்கிறார்கள். அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் என் கையால் அளந்துதான் மடப்பள்ளிக்குப் போகிறது. நல்ல பொறுப்புதான், எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும் வெளியே அரோகரா கேட்டபோது கை கரண்டியைத் தேடியது. அளக்கிற படியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். மனசு வலித்தது.

எல்லப்பன் விறகு இறக்கிவிட்டு எட்டிப் பார்த்து, "சாமி, நீங்க இல்லாமயே அடுப்பு நல்லா எரியுது" என்றான். போடா என்றேன். அரை மணிக்கு ஒரு தரம் ஏதாவது சாக்கில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

22-10-1999, வெள்ளி

நேற்று படியில் ஒரே ஒரு இடத்தில் உட்கார்ந்தேன். இறங்கி வந்த ஒரு அம்மாள் வழி கேட்டுப் பேச்சுக் கொடுத்ததால் உட்கார்ந்தது, மூச்சுக்காக இல்லை.

17-7-2000, திங்கள்

வெல்லக்காரனோடு இன்று பெரிய சண்டை. இரண்டு மூட்டையில் அடியில் மண். நாற்பது வருஷமாகக் கோயிலுக்குப் போடுகிறோம் என்றான். நாற்பது வருஷமாக மண்ணும் போட்டீர்களா என்று கேட்டேன். மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவன் போனபிறகுதான் நான் இவ்வளவு நேரம் மூச்சு வாங்காமல் கத்தியிருக்கிறேன் என்று எல்லப்பன் சொல்லித் தெரிந்தது.

மத்தியானம் கனகம்மாசத்திரத்துக்குப் போய் எள்ளுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் இடம் இல்லை, நின்றுகொண்டே வந்தேன். வரும் வழியில் பஜாரில் இறங்கி, வருஷத்துக்கு ஒரு தடவை என்று டாக்டர் சொன்ன எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டேன். கத்தரிக்காய் நன்றாக இருந்தது, இரண்டு கிலோ வாங்கினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் பத்மஜா கேட்டாள், எக்ஸ்ரே எங்கே என்று. பையைப் பார்த்தேன். கத்தரிக்காய் இருக்கிறது, குடை இருக்கிறது, படம் இல்லை. அரை மணியில் தருகிறோம், உட்காருங்கள் என்றார்கள். நான் கத்தரிக்காயைப் பார்க்கப் போய் அப்படியே வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அவள் சாதக் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்லை, மோர் விட்டுக்கோங்கோ" என்றாள்.

நாளைக்குக் காலையில் எள் மூட்டை வருகிறது. அதை இறக்கி வைத்துவிட்டு, நேரம் இருந்தால் போய்ப் படத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.